ஒன்ராறியோவில் ஆறு பேருக்கு ஒரு ஹைலேண்டர்: 2018 வி6ஆ, 2021 ஹைபிரிட்டா?

கேள்வி, மிசிசாகா:
கோவையிலிருந்து புதிதாக வந்திருக்கிறோம். நானும் மனைவியும், 3 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடையில் அப்பா அம்மா, பெற்றோர் நீண்ட நாள் தங்கும் சூப்பர் விசாவில் வருகிறார்கள். யாரைக் கேட்டாலும் மூன்று வரிசை இருக்கை உள்ள டொயோட்டா ஹைலேண்டர் எஸ்யூவி என்கிறார்கள். 2018 வி6 (ஆறு சிலிண்டர் பெட்ரோல்) ஒன்றும் 2021 ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஹோண்டா பைலட் ஒன்றும் விலைக்கு வருகிறது. எது சரி?

பதில், ஸ்கார்பரோ கராஜ்:
தம்பி, ஹைலேண்டர் வைச்சிருக்கிற சனம் அதை லேசில விக்காது. 2018இல இருக்கிறது 3.5 லீற்றர் வி6. டர்போ இல்லை, எஞ்சின் சுத்துக்கு ஏத்த மாதிரி வால்வைத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட் இல்லை, செயின். பைலட்டிலயும் 3.5 வி6தான், ஆனா பெல்ட். ஏறக்குறைய 160,000 கிலோமீற்றரில, இல்லாட்டி 7 வருசத்தில பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாத்தையும் ஒண்டா மாத்த வேணும். அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போச்சு. மாத்தின பில்லைக் காட்டாட்டி அந்தச் செலவைக் கழிச்சுத்தான் விலை பேச வேணும்.

2018ஐ எஞ்சினை நம்பி வாங்காதேங்கோ, அடியைப் பாத்து வாங்குங்கோ. இஞ்ச பனிக்கு ரோட்டில உப்புப் போடுவாங்கள். ஹொய்ஸ்ட்டில (வண்டியைத் தூக்கிற மேடையில) ஏத்திப் பாக்காம காசு குடுக்க வேண்டாம். பின் சில்லுகளைத் தாங்கிற இரும்புச் சட்டத்தை, அதான் சப்ஃபிரேமை, ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டுங்கோ. கணீர் எண்டு கேட்டாச் சரி. மந்தமாக் கேட்டு, செதில் செதிலாக் கொட்டினா விட்டிட்டு வாங்கோ. பிரேக் எண்ணெய்க் குழாய், பெற்றோல் ஊத்துற குழாயின்ர கழுத்து, இரண்டையும் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எஞ்சினில பயணி பக்கமா வாட்டர் பம்பைச் சுத்தி ரோஸ் நிறத்தில காய்ஞ்ச படலம் இருந்தா கூலன்ட் கசியுது. டைமிங் கவர் விளிம்பில ஒயில் ஈரம் இருந்தா அது அதைவிடப் பெரிய வேலை, எஞ்சினை இறக்கத்தான் வேண்டி வரும். 8 கியர் பெட்டி சிலதில மெல்லிசா ஊளையிடும். றேடியோவை நிப்பாட்டிப் போட்டு ஓட்டிப் பாருங்கோ.

ஆல்-வீல் டிரைவ் (நாலு சில்லும் இழுக்கிற) வி6இல, சக்தியைப் பின்னுக்கு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைப் பின் சில்லுகளுக்குப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் இரண்டிலயும் தனித்தனியா கியர் ஒயில் இருக்கு. ஒவ்வொண்டும் அரை லீற்றர் அளவுதான், அதாலயே ஒருத்தரும் மாத்துறதில்லை. மாத்தேக்க மேல இருக்கிற நிரப்புற போல்டை முதல்ல கழட்டுங்கோ. அது துருவில இறுகிப் போயிருந்தா, கீழால வடிச்ச வண்டியோட முழிக்க வேண்டியதுதான்.

பதில், பிராம்டன்:
ஹைபிரிட் பக்கம் நான் சொல்கிறேன். 2021 மாடலில் அரசு அளவீட்டின்படி 100 கிலோமீட்டருக்கு ஆல்-வீல் டிரைவ் வி6 10.3 லிட்டர் குடிக்கும், ஹைபிரிட் 6.7. வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் 720 லிட்டர் மிச்சம். ஓட்டம் பாதிதான் என்றால், விலை வித்தியாசம் திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். அதில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் என்று தனியாக எதுவும் இல்லை. சிவிடி (படிப்படியாக மாறாத கியர் பெட்டி) என்று சொன்னாலும் உள்ளே பெல்ட் கிடையாது, ஒன்றைச் சுற்றி ஒன்று சுழலும் பிளானட்டரி கியர்தான்.

கெடுவது பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதால். இரண்டாவது வரிசை சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வழி இருக்கிறது, அதில் ஒரு ஃபில்டரும் உண்டு. பிள்ளைகள் சிந்திய முறுக்குத் தூளும் முடியும் சேர்ந்தால் பேட்டரி சூடாகி, வண்டியே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சர்வீஸில் அதைத் தனியாகக் கேட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே போர்வையோ பையோ வைக்கக் கூடாது. அடுத்து பின் பிரேக். வேகம் குறைப்பதில் பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் தேயாது, ஆனால் பேட்டை அழுத்தும் காலிப்பர் நகரும் ஊசி (pin) உப்பில் இறுகிவிடும். வசந்தம் வந்ததும் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். "பேட் புதுசா இருக்கே" என்று கராஜில் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு உண்மையான விடை மூன்றாவது வரிசையில் இருக்கிறது. ஹைலேண்டரில் அங்கே தரை உயரம், முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். பெரியவர்களை அங்கே உட்கார வைப்பது பாவம். 8 இருக்கை உள்ளதை எடுத்து, 3 வயதுப் பிள்ளையின் சீட்டை ஓட்டுநருக்குப் பின்னால் கட்டுங்கள். சீட்டின் உச்சியை வண்டியோடு பிணைக்கும் மேல் பட்டியோடு கட்டிய சீட்டை அவிழ்க்காமல் அந்தப் பக்க இருக்கையை நகர்த்த முடியாது. சாலையோர நடைபாதைப் பக்கம் காலியாக இருந்தால் 7 வயதுப் பிள்ளை அந்த வழியாகப் பின்னால் ஏறி பூஸ்டரில் (உயரம் கூட்டும் சீட்டில்) உட்காரலாம், பிறகு தாத்தாவும் பாட்டியும் நடு வரிசையில். நடு இருக்கை குறுகல்தான், நீண்ட பயணத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து சைல்டு சீட் கொண்டுவர வேண்டாம். மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாத சீட் இங்கே செல்லாது.

மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 453 லிட்டர்தான் இடம். பியர்சன் விமான நிலையத்துக்கு அப்பா அம்மாவை அழைக்கப் போகும்போது நான்கு பெரிய பெட்டி ஏறாது. பாட்டிக்கு முட்டி வலி என்றால் தள்ளுகதவு உள்ள டொயோட்டா சியன்னா இன்னும் வசதி. மினிவேன் என்று முகம் சுளிக்காதீர்கள். 2021 முதல் அதுவும் ஹைபிரிட் மட்டும்தான்.

பதில், மார்க்கம்:
அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வண்டியின் 17 இலக்க எண்ணைக் கொடுத்து காப்புறுதி விலை கேளுங்கள். திருட்டுப் பட்டியலில் ஹைலேண்டர் முன்வரிசையில் நிற்கிறது, அதனால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் இல்லாவிட்டால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கின்றன. சாவியைத் தகரப் பெட்டியில் போடுவது வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வண்டிவரை நீட்டித் திருடுபவனுக்கு மட்டுமே தடை. முன்விளக்குப் பக்கத்து வயரைத் தொட்டுத் திறப்பவனுக்கு அது பொருட்டே இல்லை. ஸ்டியரிங் பூட்டும், வண்டியின் கணினியோடு கருவி இணைக்கும் ஓபிடி போர்ட்டுக்கு ஒரு பூட்டும் போடுங்கள்.

தனியாரிடம் வாங்கினால் விற்பவர் 20 டாலருக்கு எடுக்கும் யுவிஐபி என்ற பழைய வண்டி விவரத் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள், கடன் பாக்கி இருந்தால் அதில் தெரியும். 13 சதவீத வரி நீங்கள் கொடுத்த விலைக்கும் ரெட் புக் என்ற பழைய வண்டி விலைப் பட்டியலின் மொத்த வியாபார விலைக்கும் எது அதிகமோ அதற்குத்தான், ரசீதில் குறைத்து எழுதுவதில் பயனில்லை. வண்டி ஓட்டப் பாதுகாப்பானது என்று கராஜ் கொடுக்கும் சேஃப்டி சான்றிதழ் 36 நாள் செல்லும். அது குறைந்தபட்சத் தகுதிதான், வண்டி நல்லது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

பதில், ஸ்கார்பரோ கராஜ்:
குளிர் டயரை மறக்காதேங்கோ. 7 பாகைக்குக் கீழ கோடை டயர் ரப்பர் இறுகிப் போயிடும். நாலும் ஒரே மாதிரி போடுங்கோ, இரண்டு மட்டும் போட்டா பின்பக்கம் வழுக்கும். டயர் அளவு 2018க்கு 245/60 ஆர்18, 2021க்கு 235/65 ஆர்18. 20 இஞ்ச் வீல் வந்த 2021 எண்டாலும் குளிருக்கு 18 இஞ்ச் தனி வீல் வாங்கினா டயர் மலிவு. போட்டா காப்புறுதியில கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கோ. நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர் இறுக்கம். 100 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா டோர்க் ரெஞ்சால பாருங்கோ.