காகிதத்தைக் கிழித்து இறகுக்குள் செருகும் பறவை: கூண்டுத் தட்டில் எதை விரிப்பது?

ஸ்ரீரங்கத்து வீடு

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பட்ஜீஸைத்தான் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்கள்; இது அது இல்லை. பச்சை உடம்பு, குட்டை வால், முகம் மட்டும் பழுத்த பப்பாளி நிறம். வயது இரண்டு. ஒற்றைப் பறவை. ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பெயர் அப்பு.

கூண்டு இரண்டடி நீளம். அடியில் இழுக்கிற தட்டு இருக்கிறது. தட்டுக்கு மேலே இருந்த கம்பி வலை துருப்பிடித்ததால் போன வருடம் எடுத்துவிட்டேன். அதிலிருந்து செய்தித்தாள்தான் விரிக்கிறேன், தினமும் காலையில் மாற்றிவிடுவேன். ஒரு வருடமாக எந்தத் தொல்லையும் இல்லை. கடந்த மூன்று வாரமாக அப்பு நாள் முழுக்கக் கீழேயே இருந்து தாளைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மாலையில் பார்த்தால் தாளின் ஓரம் எல்லாம் அரம் போட்டு அறுத்த மாதிரி இருக்கிறது. அலகில் கறுப்பு மை ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

தாளுக்குப் பதிலாக நான் செய்து பார்த்தவை: பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் விரித்தேன், அதன் பளபளப்பு செதில் செதிலாக உரிந்து வந்தது. பழைய துண்டு விரித்தேன், இரண்டாம் நாளே நூல் ஒன்று கால் விரலில் சுற்றிக்கொண்டது. கத்தரியால் வெட்டி எடுப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. தெரிந்தவர் மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கொடுத்தார். அரை நாளில் தும்ம ஆரம்பித்ததால் கொட்டிவிட்டேன்.

தினை, கம்பு, கொத்தமல்லி எல்லாம் வழக்கம் போல் சாப்பிடுகிறது. செய்தித்தாள் மை விஷமா? வேறு எதைத்தான் விரிப்பது?

வைகைக்கரை கூண்டுக்காரர்

தங்கச்சி, பயப்படாதீங்க. நான் பதினாலு வருஷமா பறவை வளர்க்கிறேன், தட்டு வைத்த கூண்டு எல்லாவற்றுக்கும் செய்தித்தாள்தான். ஒன்றும் ஆனதில்லை. தாளே வேண்டாம் என்றால் ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து ஒரு அங்குலம் பரப்புங்கள். என் பெரிய கூண்டுகளில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மணலைக் கொத்தித் தின்றால் செரிமானத்துக்கும் நல்லது.

வேப்பங்கிளை

அண்ணா சொன்ன மணலை மட்டும் இதற்கு வேண்டாம் என்று சொல்வேன், கோபிக்க வேண்டாம். புறா, கோழி மாதிரி தானியத்தை முழுதாக விழுங்குகிற பறவைகளுக்குத்தான் வயிற்றில் அரைக்கக் கல் தேவை. கிளி இனம் ஒவ்வொரு விதையையும் தோல் உரித்துத்தான் தின்கிறது, அதற்குக் கல் தேவையில்லை. நாள் முழுக்கத் தரையில் இருந்து கடிக்கிற பறவைக்கு மணல் விரித்தால், அளவுக்கு மீறி விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்ளலாம். பெரிய கூண்டில் உயரத்தில் பறந்து திரியும் பறவைகளுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

அக்கா, எதை விரிப்பது என்பதற்கு முன்னால் சில விஷயங்கள் தெரிய வேண்டும். கிழிக்கிற தாளை அப்பு விழுங்குகிறதா, கிழித்துப் போடுகிறதா? காலையில் தீனி வைப்பதற்கு முன் கழுத்துக்குக் கீழே இருக்கும் இரைப்பையைப் பாருங்கள். இரவு தின்றது செரித்துத் தட்டையாக இருக்க வேண்டும். அப்போதும் புடைத்திருந்தாலோ, எச்சம் குறைந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தில் தாள் நார் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. கிழிந்த துண்டுகள் எப்படி இருக்கின்றன? கன்னாபின்னா என்று இருக்கின்றனவா, ஒரே அகலத்தில் நாடா மாதிரி இருக்கின்றனவா? அவற்றை என்ன செய்கிறது?

ஸ்ரீரங்கத்து வீடு

இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். விழுங்கவில்லை. காலையில் இரைப்பை தட்டையாகத்தான் இருக்கிறது. எச்சத்திலும் நார் இல்லை.

துண்டுகள் நாடா மாதிரியேதான் இருக்கின்றன! அரை செ.மீ. அகலம், விரல் நீளம். ஒன்றை வெட்டி முடித்ததும் தலையைத் திருப்பி, வாலுக்கு மேலே முதுகு இறகுக்குள் செருகிக்கொள்கிறது. நாலைந்து சேர்ந்ததும் தீனிக் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் மூலைக்குப் போகிறது. பாதி வழியில் விழுந்துவிடுகிறது, திரும்பவும் வந்து வெட்டுகிறது.

வேப்பங்கிளை

அப்படியானால் அப்பு பெரும்பாலும் பெண். கூடு கட்டுகிறாள்.

இந்தப் பப்பாளி முக இனம் நமீபியா பக்கத்து வறண்ட நிலத்துப் பறவை. பெண் பறவை மரப்பட்டை, இலை, புல் எல்லாவற்றையும் இப்படி நாடாவாக வெட்டி, இடுப்பு இறகில் செருகித்தான் கூட்டுக்குக் கொண்டுபோகும். இதன் உறவான ஃபிஷர் லவ் பேர்ட் அலகில்தான் தூக்கிச் செல்லும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் என்பவர் இந்த இரண்டு இனத்தையும் கலந்து குஞ்சு எடுத்துப் பார்த்தார். 1962இல் அதைப் பற்றி எழுதினார். கலப்புப் பறவைகள் இறகில் செருகப் பார்க்கும், சரியாகச் செருக வராது. அலகில் பிடித்த நாடாதான் கூடு வரை போய்ச் சேரும். இரண்டு பக்கத்துப் பழக்கமும் பிறவியிலேயே சேர்ந்து வந்துவிட்டதால் அந்தத் திண்டாட்டம். படித்ததிலிருந்து இந்தப் பறவைகள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

ஆணா பெண்ணா என்று இந்த இனத்தைப் பார்வையில் சொல்ல முடியாது, கடைக்காரர் ஊகித்திருப்பார். பிடுங்கிய இறகை வைத்து டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம்.

ஆக, அப்பு தாளுக்குப் பசித்துக் கடிக்கவில்லை. நீங்கள் எதை விரித்தாலும் வெட்டப் பார்க்கும். அதனால் தட்டை எட்டாமல் செய்வதும், கூடு கட்டும் வேகத்தைத் தணிப்பதும்தான் முதல் வேலை. மாலை ஆறு, ஆறரைக்கே மூடிப் படுக்கவைத்து, காலை ஏழு மணி வரை இருட்டாக விடுங்கள். கிண்ணத்தை இடம் மாற்றி அந்த மறைவு மூலையைத் திறந்துவிடுங்கள். கூண்டுக்குள் பானை, பெட்டி, துணிக்கூடு எதுவும் வேண்டாம். தடவிக் கொடுப்பதாக இருந்தால் தலையில் மட்டும், முதுகில் வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கிடைக்கும், ஒரு துண்டு வாங்கிக் கம்பியில் கட்டுங்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. தனிப் பறவையும் முட்டையிடும். இட்டால் உடனே எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ஈடுகட்ட இன்னும் இடும். அதுவாகச் சலித்து விலகும் வரை, மூன்று நான்கு வாரம், அப்படியே விடுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆட முக்கிக்கொண்டிருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, கையால் எடுக்கவும் முயலக் கூடாது. உடனே மருத்துவரிடம் போங்கள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அச்சகத்துப் பையன்

மை பற்றி நான் சொல்கிறேன், அச்சகத்தில் வேலை செய்கிறேன். செய்தித்தாளின் கறுப்பு என்பது கரித்தூளை எண்ணெயில் குழைத்தது. அந்த எண்ணெய் பெட்ரோலிய எண்ணெயாக இருக்கலாம், சோயா எண்ணெயாகவும் இருக்கலாம். தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த மை சூட்டில் காய்வதில்லை, தாள் உறிஞ்சிக்கொள்வதுதான். அதனால்தான் மாதக்கணக்கில் ஆனாலும் கையில் ஒட்டுகிறது. பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 விதிகளில் சொன்னதும் இந்த மை உணவில் ஏறுவதால்தான். எச்சம் விழ மட்டும் விரிப்பது வேறு, நாள் முழுக்க வாயில் வைத்துக் கடிப்பது வேறு. கடிக்கிற பறவைக்கு அச்சடித்த தாள் வேண்டாம்.

பத்திரிகை அச்சகத்தில் அச்சடிக்காத நியூஸ் பிரிண்ட் தாள் கேளுங்கள். உருளை முடியும்போது மிஞ்சுகிற தாளை எடை போட்டுக் கொடுப்பார்கள். உறிஞ்சும், விலையும் குறைவு, எச்சத்தின் நிறமும் நன்றாகத் தெரியும். பத்திரிகைகளின் வழவழப்பான தாள் உறிஞ்சாது. ஏடிஎம் ரசீது, கடை பில் மாதிரி சூட்டில் அச்சாகும் தாளில் பெரும்பாலும் பிஸ்ஃபினால் என்ற ரசாயனப் பூச்சு இருக்கும், கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விரிப்பை செல்லோ டேப் போட்டு ஒட்டவும் வேண்டாம், முதலில் அதைத்தான் உரித்துக் கடிக்கும்.

இன்னொன்று, பலர் வீட்டில் பழைய தாளை அலமாரியில் பாச்சை உருண்டையோடு வைத்திருப்பார்கள். அந்த வாசனை ஏறிய தாள் மூடிய கூண்டுக்குள் பறவைக்கு ஆகாது.

வைகைக்கரை கூண்டுக்காரர்

மணல் விஷயத்தில் வேப்பங்கிளைத் தம்பி சொல்வது சரிதான். என் கூண்டுகளின் உயரத்தை நினைத்துச் சொல்லிவிட்டேன்.

தட்டை எட்டாமல் செய்ய மறுபடி வலை போட வேண்டும். அது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இதில் நான் அடி பட்டவன். தங்கச்சி புது வலை வாங்கும்போது ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கம்பி வலைதான் கொடுப்பார்கள். அது துத்தநாகம் பூசியது. பற்றவைத்த இடங்களில் துத்தநாகம் பொட்டுப் பொட்டாகத் திரண்டு நிற்கும். கிளி அதைச் சுரண்டித் தின்றால் உடம்பில் விஷம் ஏறும். எட்டு வருஷம் முன்னால் புது வலை மாட்டிய பத்தே நாளில் ஒரு ஜோடியை இழந்தேன். காரணம் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அதிலிருந்து 304 என்ற தரத்து எவர்சில்வர் வலைதான். வசதி இல்லாமல் ஜி.ஐ. வாங்கினால் பொட்டுகளை அரத்தால் ராவி, வினிகர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்படிச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர முழுதாகப் போகாது.

வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தலையை நுழைத்துவிடும். வலைக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இருந்தால் அலகு தாளை எட்டாது. வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

பனங்காட்டுத் தோழி

காகிதத்தைப் பிடுங்கிவிட்டால் அது என்னதான் கடிக்கும் பாவம்? நான் பனை ஓலையைக் கிழித்துக் கட்டிவிடுவேன், என் கான்யூர் கிளி அரை நாள் அதோடு இருக்கும். சாயம் போட்ட ஓலை மட்டும் வேண்டாம்.

வேப்பங்கிளை

கான்யூருக்கு அருமையான யோசனை. அப்புவுக்கு இப்போது வேண்டாம், ஏனென்றால் ஓலை நாடாவாகக் கிழியும். கூட்டுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேகம் தணிந்த பிறகு கொடுக்கலாம். அதுவரை மருந்தடிக்காத கொய்யாக் கிளை, வேப்பங்குச்சி, நார் முழுக்க நீக்கிய கொட்டாங்குச்சி போதும். தேங்காய் நாரைத் தொங்கவிடாதீர்கள், துண்டு நூல் மாதிரியே காலில் சுற்றும்.

கொல்லைப்புறம்

எங்கள் வீட்டில் பச்சைக்கிளி ஒன்று இருக்கிறது. அதற்கும் இந்த முறைதானா?

வேப்பங்கிளை

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். திடீரென்று திறந்து விட்டுவிடாதீர்கள், கூண்டில் வளர்ந்தது வெளியே தானாக இரை தேடாது. வனத்துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.

ஸ்ரீரங்கத்து வீடு

ஒரு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் வலையை அளவெடுத்து வெட்டி மாட்டினோம். தட்டுக்கும் வலைக்கும் இரண்டரை அங்குலம் வந்தது. கீழே அச்சடிக்காத தாள். முதல் நான்கு நாள் அப்பு வலை மேல் நின்று தாளைப் பார்த்துக் கத்தியது, கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆறு மணிக்கு மூடப் பருத்தித் துணிதான், கம்பிக்கு நான்கு விரல் தள்ளி நிற்கிற மாதிரி மேலே ஒரு சட்டம் வைத்துப் போடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு முட்டை, ஒரு நாள் விட்டு இன்னொன்று. மூன்றோடு நின்றது. முட்டை சிக்குவது பற்றி வேப்பங்கிளை சொன்ன அறிகுறிகள் மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. நல்ல வேளை, சிக்கல் ஏதும் இல்லை. கடல்நுரையில் பாதி காலி. முட்டைகளை அப்படியே விட்டிருக்கிறேன், நேற்றிலிருந்து அடைகாப்பது குறைந்து மேல் கம்பியில் அதிக நேரம் இருக்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கொய்யாக் கிளையின் பட்டையையும் நாடாவாக உரித்து இறகில் செருகப் பார்க்கிறாள். எடுத்துவிடட்டுமா?

வேப்பங்கிளை

பட்டையைச் சீவிவிட்டு வெறும் கட்டையாகக் கொடுங்கள் அக்கா. முட்டையை முழுதாக விட்டு விலகியதும், ஒரு வாரம் கழித்துப் பட்டையோடு கொடுக்கலாம்.