தினமும் ஒரே அளவு போதுமா, ஏத்திக்கிட்டே போகணுமா?

மரப்பாச்சி:
உடற்பயிற்சின்னு வாயைத் திறந்தாலே "சுமையை ஏத்து, ஏத்து"ங்கிற ஒரே பல்லவி. எனக்கு உடன்பாடில்லை. தினம் 20 தண்டால், 30 ஸ்குவாட், அரை மணி நேர நடை, மூளைக்கு ஒரு சுடோகு. பத்து வருஷம் விடாம செஞ்சா அதுவே பலம். ஏத்துறவங்கதான் மூணாவது மாசம் தோளைப் பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் நிறுத்துறாங்க.

கல்தூண்:
20 தண்டால் மூச்சு வாங்காம வர ஆரம்பிச்ச அன்னிக்கே தசைக்கு அதுல வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், வளராது. 1940-களில் டிலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ மருத்துவர், முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்கு லேசான எடையைப் பலமுறை தூக்க வைக்கிற பழைய முறையை விட்டுட்டுக் கனமான எடையைக் கொடுத்தார். 1948-ல் வெளிவந்த வடிவம் இது: 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ, முதல் செட்டுக்கு (ஒரே மூச்சில் தொடர்ந்து செய்யிற ஒரு சுற்று) அதில் பாதி, அடுத்ததுக்கு முக்கால், மூணாவதுக்கு முழுசு. எடை சுலபமானா ஏத்தணும்.

வீட்டில் எடை இல்லைன்னா: தண்டால் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12. மூணாவது செட்டிலும் 12 வந்து, இன்னும் ரெண்டு போட முடியும்னு தோணினா மாத்துங்க. முதல்ல இறங்குறதை 4 விநாடியாக்குங்க. அப்புறம் கீழே 1 விநாடி நிறுத்துங்க. அதுவும் பழகினா காலை நாற்காலி மேல வைங்க. எடை தூக்குறவங்க 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டினா போதும். ஏத்தின வாரம் எண்ணிக்கை திரும்ப 8-க்கு இறங்கும். பலம் போயிடுச்சேன்னு பலரும் பயந்து விடுறது அங்கேதான்.

மரப்பாச்சி:
இந்தக் கணக்குல தசைநாண், அதான் தசையை எலும்போட இணைக்கிற நார், எங்கே சார்? தசை சில வாரத்துல தேறிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாசக்கணக்கில் ஆகும். தசை தயார்னு சொல்லும், நாண் தயாரா இருக்காது. முழங்கைக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழேயும் வலி வர்றது அதனாலதான்.

ஈரக்களிமண்:
நாண் விஷயம் சரி. அதுக்குத்தான் மறுநாள் காலையைப் பார்க்கணும். செய்யும்போது வலி பத்துக்கு மூணுக்குள் இருந்து, காலையில் பழைய நிலைக்கு வந்துட்டா தொடரலாம். விடியும்போது விறைப்பு கூடியிருந்தா ஏத்தினதைத் திரும்ப இறக்கணும், முழுசா நிறுத்த வேண்டாம்.

ஆனா தோள் வலிக்கு எப்பவும் சுமையே காரணமில்லை. தண்டால்ல முழங்கையை உடம்புக்குச் செங்குத்தா விரிச்சு இறங்குறாங்க. சுமார் 45 பாகை இருந்தா போதும். இடுப்பு தொங்கினா அந்த செட் அங்கேயே முடிஞ்சுது. தொங்கவிட்டுப் போட்ட கடைசி அஞ்சும் முதுகுக்குத்தான் தண்டனை.

மரப்பாச்சி:
வயசானவங்க?

கல்தூண்:
அவங்களுக்குத்தான் அதிகம் தேவை. 1990-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு: சராசரி வயசு 90. ஒரு தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையில் 80 சதவீதம் வரை, மேற்பார்வையோட, 8 வாரம். கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு.

அப்புறம் அந்த சுடோகு. அது சுடோகு போடத்தான் கத்துக்கொடுக்கும். 65 வயசுக்கு மேற்பட்ட 2,832 பேரை வெச்சு நடந்த ஆக்டிவ்ங்கிற மூளைப் பயிற்சி ஆய்வின் முடிவு 2002-ல் வந்துச்சு. நினைவாற்றல் பயிற்சி எடுத்தவங்க நினைவாற்றல்ல தேறினாங்க, தர்க்கம் எடுத்தவங்க தர்க்கத்துல, பார்த்ததைச் சட்டுனு கிரகிக்கிற வேகத்துக்குப் பயிற்சி எடுத்தவங்க வேகத்துல. ஒண்ணு இன்னொண்ணுக்குத் தாவலை.

மரப்பாச்சி:
பாதிக் கதையோட நிறுத்திட்டீங்க. பத்து வருஷம் கழிச்சு அதே ஆட்களைப் பார்த்தப்போ, தர்க்கம், வேகம் ரெண்டிலும் பலன் மிச்சமிருந்தது. அன்றாட வேலைகளில் சிரமம் குறைவுன்னும் சொன்னாங்க. 2014-ல் வந்த முடிவு.

கல்தூண்:
அந்த வேகப் பயிற்சி எப்படி நடந்துச்சு? அவரவர் தேற தேற கடினமாகிக்கிட்டே போச்சு. நான் சொல்றதும் அதைத்தானே!

சுடோகு நேரத்துல பாதியை இதுக்குக் கொடுங்க: ஒரு பக்கம் படிச்சு, மூடி வெச்சு, வெறும் தாள்ல நினைவிலிருந்து எழுதுங்க. திரும்ப 1, 3, 7, 21-வது நாள். ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006-ல் சோதிச்சாங்க: 5 நிமிஷத்துல கேட்டா திரும்பத் திரும்பப் படிச்சவங்க முந்தினாங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவங்க. வரலையேன்னு அஞ்சு விநாடியில் பக்கத்தைத் திறந்தா பயிற்சியே போச்சு. முட்டி மோதுற அந்த நேரம்தான் மூளைக்குச் சுமை.

மரப்பாச்சி:
தாள் முறையை ஏத்துக்கிறேன். உடம்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை: ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கணும், அந்த வாரம் எதையும் ஏத்தக் கூடாது. தினசரி நடை அப்படியே இருக்கும்.

ஈரக்களிமண்:
அது நியாயம். நோட்டுல தேதி, எண்ணிக்கை, மறுநாள் காலை வலி மூணையும் எழுதுங்க. எழுதாதவங்களுக்கு ஆறு வாரம் எப்போ முடிஞ்சுதுன்னே தெரியாது.