மறு: சிவில் கன்டிஞ்சென்சி – என்ன சொல் போடலாம்?

> எமர்ஜென்சின்னா அவசரநிலைதானே, இதுல விவாதிக்க என்ன இருக்கு?

அண்ணா, இருக்கு. நான் இப்ப மொழிபெயர்த்துட்டு இருக்கறது பிரிட்டனோட 2004 சிவில் கன்டிஞ்சென்சீஸ் சட்டமும் (திடீர்னு வர்ற பெரிய ஆபத்துகளைச் சமாளிக்கறதுக்கான சட்டம்) அதை ஒட்டி அவங்க நாடாளுமன்றத்துல நடந்த விவாதமும். அதுல எமர்ஜென்சிங்கற ஒரே சொல் ரெண்டு வேலை பாக்குது. முதல் பகுதில, வெள்ளமோ தொற்றுநோயோ குண்டுவெடிப்போ வந்தா யார் என்ன செய்யணும்னு கவுன்சில், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் முன்னாடியே உக்காந்து திட்டம் போட்டு வைக்கணும், அவ்ளோதான். ரெண்டாம் பகுதிதான் அரசாங்கம் அவசர விதிமுறை போடற அதிகாரம். ரெண்டுக்கும் அவசரநிலைன்னே போட்டா நம்ம வாசகருக்கு 1975தான் கண்ணு முன்னாடி வரும், மிசா, பத்திரிகை தணிக்கை, நள்ளிரவு கைது. வெள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்கற திட்டத்தை அந்தப் பேர்ல எப்படிக் கூப்பிடறது?

அந்தப் பயம் அங்கயும் இருந்துச்சு. 2000ல பெட்ரோல் மறியல், அப்புறம் வெள்ளம், 2001ல மாடு ஆடுகளுக்கு கோமாரி, அதே வருஷம் செப்டம்பர்ல நியூயார்க் தாக்குதல், இதெல்லாம் பாத்துட்டு 1920, 1948ல போட்ட பழைய சட்டங்கள் போதாதுன்னு புதுசு கொண்டு வந்தாங்க. ஆனா 2003ல வரைவைப் பாத்த ரெண்டு அவைகளோட கூட்டுக்குழு, எமர்ஜென்சிக்கான விளக்கம் ரொம்ப அகலமா இருக்கு, தப்பான கையில போனா ஆபத்துன்னு எச்சரிச்சுது. கடைசில நிறைவேறின சட்டத்துல விதிமுறை 7 நாளுக்குள்ள நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கலன்னா செத்துப்போகும், வாங்கினாலும் 30 நாள்தான், மனித உரிமைச் சட்டத்தைத் தொடக்கூடாது, வேலைநிறுத்தத்தைத் தடை பண்ணக்கூடாதுன்னு வந்துச்சு. அந்த ரெண்டாம் பகுதியை 2020 கொரோனாவுல கூட பயன்படுத்தல, அதுக்குத் தனிச் சட்டமே போட்டாங்க. தினமும் பயன்ல இருக்கறது முதல் பகுதி. தூங்கிட்டு இருக்கற பகுதியோட பேரை முழுச் சட்டத்துக்கும் வைக்கறது சரியில்லன்னு உறுதியா நினைக்கிறேன்.

சிவில் கன்டிஞ்சென்சிக்கு 'வருமுன் காப்பு'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க, கேக்க அழகா இருக்கு, ஆனா அது வராம தடுக்கறது. இவங்க பேசறது வந்துட்டா என்ன செய்றதுன்னு. பேரிடர்னு போடலாம்னா குண்டுவெடிப்பை யாரும் அப்படிச் சொல்றதில்ல, சுனாமிக்கும் புயலுக்கும்தான் அந்தச் சொல் ஒட்டும்.

அதனால நான் முன்வைக்கிறது, சம்பவத்துக்கு 'இடர்நிலை', திட்டமிடலுக்கு 'இடர்நிலை முன்னேற்பாடு'. ரெண்டாம் பகுதிக்கு 'அவசரகால அதிகாரம்'னே இருக்கட்டும், அங்க அந்தச் சொல்லுக்கு இருக்கற பயம் நியாயமான பயம். டெரரிசத்துக்கு பயங்கரவாதம், தீவிரவாதம் இல்ல, இதுல மட்டும் தயவுசெஞ்சு யாரும் கலக்காதீங்க, தீவிரமா ஒரு கருத்து வச்சிருக்கறவன் எல்லாம் குண்டு வைக்கறவன் ஆயிடுவான்.

----

தம்பி, அவசரகாலத்தைப் பிரிச்சு வைச்சது நல்லது. எங்கட ஆக்களுக்கு அவசரகாலச் சட்டம் எண்டா சுற்றிவளைப்பும் ஊரடங்கும்தான். இலங்கையில அதை 2011ல நீக்கினவை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போட திரும்பவும் போட்டவை. கவுன்சில்காரர் போடுற வெள்ளத் திட்டத்துக்கு அந்தச் சொல் வந்தா சனம் பயந்துபோகும்.

ஆனா இடர்நிலையில எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. ரிஸ்குக்கும் நீங்கள் அங்க இடர் எண்டுதானே எழுதுறியள்? இந்தச் சட்டத்தின்ர கீழ ஒவ்வொரு பகுதிக்கும் ரிஸ்க் பதிவேடு வைக்கவேணும், அப்ப 'இடர்நிலைக்கான இடர்ப் பதிவேடு' எண்டு வரும், வாசிக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது. இலங்கையில ரிஸ்குக்கு இடர்நேர்வு எண்டு அரச அறிக்கைகளிலயே பாவிக்கினம். அதை எடுத்தியள் எண்டா 'இடர்நேர்வுப் பதிவேடு', 'இடர்நிலை முன்னேற்பாடு', ரெண்டும் முட்டாது. நேரலாம் எண்ட பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளயே கிடக்கு.

----

அக்கா, இடர்நேர்வு எனக்குத் தோணவே இல்ல, மிக்க நன்றி. முதல் அத்தியாயத்துல இன்னிக்கே மாத்திடறேன். ரெசிலியன்ஸ்தான் பாக்கி. மீள்திறன்னா விழுந்து எழுந்திரிக்கறது மட்டும்தான் வருது, அடியைத் தாங்கறது வரல. தாங்குதிறன் போடவா?