கெப்புக்குப் (பிக்கப்) பின்னால ட்ரெய்லர் குத்துது, ஹிட்ச் போலை (ட்ரெய்லரைக் கொழுவுற இரும்புக் குண்டு) வெல்ட் பண்ணி நிரப்பலாமோ?

முகத்துவாரத்தில இருந்து எழுதுறன். 16 அடி பைபர் போட், எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 700 கிலோ வரும். பொல்கொடை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போறனான். இப்ப பிரேக் பிடிச்சாலும் விட்டாலும் பின்னால 'டக்' எண்டு ஒரு குத்து. ஹிட்ச் போலில ஒரு பக்கம் பளபளவெண்டு தட்டையாத் தேய்ஞ்சு கிடக்கு. வெல்டிங் கடைக்காரர் "நிரப்பி உருட்டித் தாறன்" எண்டுறார். செய்யலாமோ?

மறுமொழி 1
வேண்டாம் தம்பி. சூட்டில இரும்பின்ர பதம் போயிடும். வேர்னியர் (நுணுக்கமா அளக்கிற கருவி) வச்சுத் தேய்ஞ்ச இடத்தில, முன்பின்னா அளவுங்கோ. 50 மில்லிமீற்றர் போல் 49க்கு வந்திட்டால் எறிய வேண்டியதுதான். சில பழைய போல் 1⅞ அங்குலம், அதாவது 47.6. அதில 50 மில்லிமீற்றர் கப்ளரைப் (போலைக் கவ்வுற ட்ரெய்லர் வாய்) போட்டால் பூட்டின மாதிரித்தான் இருக்கும், பள்ளத்தில துள்ளினால் கழண்டிடும். எனக்குப் பேலியகொடையில கழண்டது, சங்கிலியாலதான் தப்பினன். பின்னால வந்த த்ரீவீல்காரர் ஏசினது இன்னும் காதுக்குள்ள நிக்குது.

மறுமொழி 2
சங்கிலி ரெண்டையும் கீழால குறுக்கா மாட்டுங்கோ, கழண்டால் முன்தண்டு றோட்டில குத்தாமல் அதில விழும். மூக்குப் பாரமும் (ட்ரெய்லர் முன்பக்கம் போலில அழுத்துற பாரம்) மொத்தத்தில பத்தில ஒரு பங்கு, 70 கிலோவளவில இருக்கவேணும். குறைஞ்சால் வால் ஆடும்.

கேட்டவர்
அளந்தன், 48.6. புதுப் போல் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போறன். கப்ளர் வாயும் தேய்ஞ்சிருக்கு, அதையும் சேர்த்து மாத்தப்போறன்.