சருகு, மாங்கிளை, தென்னை மட்டை: கடலூர்ல முறையா எப்படி அப்புறப்படுத்தறது?

திருப்பாப்புலியூர்க்காரி:
வணக்கம். மாமனார் காலத்து வீடு எங்களது. பின்கட்டுல ரெண்டு தென்னை, ஒரு ஒட்டு மாமரம், வாசல்ல வேம்பு. மாசி பிறந்ததுல இருந்து வேம்பு கொட்டோ கொட்டுனு கொட்டுது. மாடியில இடிக்குதுன்னு மாமரத்துலயும் நாலு கிளை வெட்டியாச்சு. காலையில வர்ற குப்பை வண்டி அக்கா சமையல் குப்பையை வாங்கிக்கறாங்க, கிளையும் மட்டையும் வண்டி கொள்ளாதும்மாங்கறாங்க. அவங்க சொல்றது நியாயம்தான். வீட்டுக்காரர் கொளுத்திடலாங்கறார். எதிர் வீட்டுல வீசிங் இருக்கற குழந்தை. தெருவுல பாதிப் பேர் வாய்க்கால் ஓரம் தள்ளிடறாங்க, எனக்கு அதுக்கும் மனசு வரல. என்னதான் பண்றது?

மஞ்சக்குப்பம் மாடசாமி:
கொளுத்தாதீங்கம்மா. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர்லயே திறந்தவெளியில குப்பை எரிக்கறதைத் தடை பண்ணிடுச்சு. சாதாரணமா எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000. அபராதம் கிடக்கட்டும், பச்சையும் காய்ஞ்சதும் கலந்த குவியல் சுடர்விட்டு எரியாது, ராத்திரி பூரா புகைஞ்சுகிட்டே இருக்கும். அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்!

வாய்க்கால் ஓரம் தள்ளறதை என்னால பொறுத்துக்கவே முடியல. நம்ம ஊருக்கு மழை ஐப்பசி கார்த்திகையில ஒரேயடியா வரும். 2015 நவம்பர் வெள்ளத்தை யாராவது மறந்திருப்போமா? தெருத் தண்ணி வடியறதுக்கு இருக்கற வழி அந்த வாய்க்கால்தான். பாலத்தடியில ஒரு மட்டை குறுக்க விழுந்தா, அதுல சருகும் பையும் சிக்கி அடைச்சுக்கும். அப்புறம் அந்தச் சாக்கடையில இறங்கி அதை இழுத்துப் போடறது யாரு? உங்ககிட்ட காலையில குப்பை வாங்கற அக்கா மாதிரி ஒருத்தர்தான்.

2016 திடக்கழிவு விதிகள்லயே தோட்டக் குப்பைக்குத் தனியா சொல்லிட்டாங்க. நம்ம வளாகத்துக்குள்ளயே பிரிச்சு வச்சு, உள்ளாட்சி சொல்ற முறையில ஒப்படைக்கணும். அதனால வார்டு துப்புரவு ஆய்வாளரைப் பார்த்து, கிளை ஏத்த வண்டி எந்த நாள் வரும்னு கேளுங்க. அதுவரைக்கும் கேட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

ஆனா பாருங்க, வெளியே போக வேண்டியது கிளை மட்டும்தான். சருகு உங்க மண்ணுக்குச் சேர வேண்டியது. கடற்கரைப் பக்கத்து மணல்ல ஊத்தற தண்ணி நிக்கவே நிக்காது. தென்னைப் பாத்தியில ஒரு சாண் உயரத்துக்குச் சருகைப் பரப்புங்க, தண்டை ஒட்டாம. சித்திரை வெயில்லயும் அடியில கையை விட்டா ஈரம் இருக்கும். மிச்சத்துக்கு நிழல்ல ஒரு குழி போதும். வேப்பிலை சீக்கிரம் மக்கிடும். மாவிலை தடிப்பு, அப்படியே போட்டா லேசுல மக்காது, அரிவாளால கொத்திப் போடணும். சருகு ஒரு அடுக்கு, காய்கறித் தோல் கொஞ்சம், மேல சாணித் தண்ணி தெளிச்சு, மாசம் ரெண்டு தடவை புரட்டுங்க. கையில எடுத்துப் பிழிஞ்சா ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. ஆடிப் பட்டத்துக்கு எரு தயாரா இருக்கும்.

தென்னை மட்டைக்கு ஈர்க்கு கிழிச்சுத் துடைப்பம் கட்டறவங்க இருந்தா கூப்பிட்டுக் குடுங்க. கொட்டாங்கச்சியும் பாளையும் மல்லாந்து கிடக்க வேணாம், மழைத்தண்ணி நின்னா டெங்கு கொசு வந்துடும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
மாடசாமி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். கிளையை ரெண்டு மூணு அடி நீளமா வெட்டி, சணல் கயித்துல கட்டு கட்டி வைங்க, ஏத்தறவங்க முதுகு தப்பிக்கும். பிளாஸ்டிக் கயிறு வேணாம். கவாத்தைப் புரட்டாசிக்குள்ள முடிச்சு, வெட்டினதை அனுப்பிடுங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி எங்க தெருவுல யாரோ அடுக்கி வச்சிருந்த கிளையெல்லாம் தண்ணியில மிதந்து போய் வாய்க்கா வாயை அடைச்சுகிச்சு. ஆடு வளர்க்கறவங்க கேட்டா முருங்கைத் தழை தாராளமா குடுங்க. அரளி மட்டும் கலந்துடக் கூடாது, அது ஆட்டுக்கு விஷம்.

திருப்பாப்புலியூர்க்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. குழி போட்டா பாம்பு வரும்னு மாமியார் பயப்படறாங்க. தென்னையைத் துளைக்கற வண்டும் எருக்குழியிலதான் பெருகும்னு பக்கத்து வீட்டு ஐயா சொல்றார்.

மஞ்சக்குப்பம் மாடசாமி:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். பாம்பு எலியைத் தேடி வரும், அதனால சோறு, மீன் கழிவு எதையும் அதுல போடாதீங்க. குழி சுவரை ஒட்டியோ விறகுக் குவியல் பக்கத்துலயோ இருக்க வேணாம். வெறுங்கையை விடாம மண்வெட்டியால புரட்டுங்க. ஐயா சொல்ற வண்டு காண்டாமிருக வண்டு, அதோட புழு வெள்ளையா, கட்டைவிரல் தடிமன்ல வளைஞ்சு கிடக்கும். புரட்டும்போது பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். நிறைய தெரிஞ்சா வேளாண் அலுவலகத்துல மெட்டாரைசியம் பூஞ்சாணம் கேட்டுப் பாருங்க, எருவுல கலந்தா புழு செத்துடும். பட்டுப்போன தென்னை மரத்துண்டு வீட்டுல கிடந்தா அதையும் கிளையோட சேர்த்து அனுப்பிடுங்க, வண்டு அதுலயும் முட்டை வைக்கும்.