ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே பகுதிநேர வேலை: எது நிற்கும், எது நிற்காது?

கானாடுகாத்தான் மருமகன்

வணக்கம். கேள்வி என் அம்மானுக்காக. தமிழக அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய். அகவிலைப்படியை 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 11,000. ஆக 31,000. கம்யூட்டேஷன் பிடித்தம் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கியதற்காக மாதாமாதம் கழிப்பது) தனி.

இப்போது இரண்டு வேலை கூப்பிடுகிறார்கள். ஒன்று, இங்கே பழைய செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக்கி நடத்தும் இடத்தில் காலை 9 முதல் 1 மணி வரை கணக்கு எழுத வேண்டும், மாதம் 9,000. இன்னொன்று காரைக்குடிப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் தற்காலிகப் பணி, மாதம் 12,000. அம்மானுக்கு இரண்டாவதில்தான் மனசு. வீட்டிலோ "எங்கே போனாலும் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்கள்.

அடுத்த வீட்டு அண்ணன் விஷயமும் இதோடு. நூற்பாலையில் 22 வருடம் வேலை பார்த்தவர், வயது 56. 55 முடிந்ததும் வேலையை விட்டு, பிஎஃப் பணம் முழுவதும் எடுத்துவிட்டு, இபிஎஸ் (பிஎஃப்போடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியத்தை முன்கூட்டியே வாங்க ஆரம்பித்தார். ஆத்தங்குடி ஓடு விற்கும் கடையில் அரைநாள் வேலைக்குப் போகலாமா? பிஎஃப் மறுபடி பிடிப்பார்களா?

கருவூலக் கணக்கு

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தனியார் இடத்தில் வேலை பார்த்தால் உங்கள் அம்மானின் ஓய்வூதியமும் நிற்காது, அகவிலைப்படியும் நிற்காது. ஓட்டலில் 9,000 கொடுத்தாலும் 90,000 கொடுத்தாலும் கருவூலத்துக்கு அதில் வேலை இல்லை.

சிக்கல் இரண்டாவது வேலையில்தான். அரசு, உள்ளாட்சி, அரசு நிறுவனம், அரசு நிதியில் ஓடும் தன்னாட்சி அமைப்பு, இவற்றில் மறுநியமனம் ஆனால் அடிப்படை ஓய்வூதியம் வரும். அதன் மேல் தரும் அகவிலைப்படி அந்தக் காலம் முழுவதும் நிற்கும். புதுச் சம்பளத்தோடு ஒரு படி வந்தாலும் வராவிட்டாலும் ஓய்வூதியத்தின் படி நிற்கும் என்பதுதான் பொது விதி. நீங்கள் சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள்: 12,000 உள்ளே வருகிறது, 11,000 வெளியே போகிறது. மாதம் முழுக்க உழைத்துக் கையில் கூடுவது 1,000 ரூபாய். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்குப் போய்வரும் செலவுக்கே அது சரியாகிவிடும். கம்யூட் செய்த பகுதியைக் கழிக்காமல் முழு 20,000 மேல்தான் படி கணக்கிடுகிறார்கள் என்பதால், நிற்கும்போதும் முழுத் தொகைக்கே நிற்கும்.

ஆனால் எல்லாத் தற்காலிகப் பணியும் மறுநியமனம் ஆகிவிடாது. ஆணையில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். "மறுநியமனம்" என்று இருந்தால் மேலே சொன்னதுதான். அவுட்சோர்சிங் ஏஜென்சி மூலம் என்றால் சம்பளம் தருபவர் ஏஜென்சி, நிலைமை வேறு. மத்திய அரசில் ஓய்வு பெற்றவரை ஒப்பந்த ஆலோசகராக எடுக்கும்போது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து ஒரு நிலையான தொகை தருவார்கள். அதை மறுநியமனமாகக் கொள்வதில்லை, அகவிலை நிவாரணமும் (மத்திய அரசு ஓய்வூதியத்தின் மேல் வரும் படிக்கு அங்கே இதுதான் பெயர்) தொடரும். உங்களுடையது மாநில ஓய்வூதியம். அதனால் வேலையில் சேரும் முன்பே ஆணையின் நகலை இணைத்து, "இந்தப் பணியில் சேர்ந்தால் அகவிலைப்படி தொடருமா" என்று சார் கருவூல அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிச் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையில் கண்டுபிடித்து, அதிகம் கொடுத்த படியை ஓய்வூதியத்திலிருந்து தவணையாகப் பிடிப்பார்கள். மாதம் 11,000 வீதம் இரண்டு வருடத்துக்கு 2,64,000 ரூபாய்.

அடுத்து, வருடாந்திர நேர்காணல். அதில் கையெழுத்து வாங்கும் தாளில் உயிரோடு இருப்பதற்கான சான்றோடு, வேலையில் இல்லை என்ற சான்றும் சேர்ந்தே இருக்கும். அது கேட்பது அரசு, உள்ளாட்சி, அரசு சார்ந்த வேலையை. ஓட்டல் வேலை அதில் வராது. வீட்டுக்கு வரும் தபால்காரர் மூலமோ இ-சேவையிலோ டிஜிட்டல் வாழ்நாள் சான்று போடும்போது திரையில் "மறுநியமனம் பெற்றவரா", "மறுமணம் செய்தவரா" என்று இரண்டு கேள்வி வரும். பயத்தில் "ஏதோ வேலைக்குப் போகிறாரே" என்று முதல் கேள்விக்கு ஆம் போட்டுவிட்டால் டிஜிட்டல் சான்று செல்லாது. மறுநியமனம் பெற்றவர் கருவூலத்துக்கோ வங்கிக்கோ நேரில்தான் தாள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓய்வூதியம் தடைப்படுவது பல வீடுகளில் இந்த ஒரு டிக்கால்தான். போடுகிறவர் அவசரப்பட்டாலும் திரையை நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

மத்திய அரசில் ஏ பிரிவில் இருந்தவர்கள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர முன் அனுமதி வாங்க வேண்டும். அம்மானுக்கு அது பொருந்தாது. இங்கே படிப்பவர்களில் யாருக்காவது வேண்டியிருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

பிஎஃப் பிரிவு

நூற்பாலை அண்ணனுக்குப் பதில்.

இபிஎஸ் ஓய்வூதியம் வேறு வேலையால் நிற்காது. அது அவர் ஏற்கெனவே சம்பாதித்து முடித்தது. 58க்கு முன்பே எடுத்ததால் ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் குறைந்த தொகை வரும்; வேலைக்குப் போவதால் அது மேலும் குறையாது, 58 ஆனதும் ஏறவும் செய்யாது.

பிஎஃப் பிடிப்பது கடையின் அளவைப் பொறுத்தது. 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடை என்றால், தானாக விரும்பிச் சேராத வரை பிஎஃப் சட்டமே அங்கே வராது. பெரிய இடம் என்றாலும், 55க்குப் பின் ஓய்வு பெற்று முழுப் பணத்தையும் எடுத்தவர் "விலக்கப்பட்ட ஊழியர்" வகையில் வருவார், அவருக்குக் கட்டாயமில்லை.

தவறு நடப்பது சேரும் நாளில். படிவம் 11 தருவார்கள். "முன்பு பிஎஃப் உறுப்பினரா", "ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தீர்களா" என்று கேட்கும். புது ஆள் மாதிரி இல்லை என்று எழுதிவிட்டால் இரண்டாவது யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) உருவாகும். பிறகு முதலாளி பங்கைப் பிரித்துக் கட்டுவார்கள். 9,000 சம்பளத்துக்கு முதலாளியின் 12 சதவீதம் 1,080. அதில் 750 ஓய்வூதியக் கணக்குக்கும் 330 பிஎஃப் கணக்குக்கும் போகும். அந்த 750 வீண். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய நாளோடு இபிஎஸ் உறுப்பினர் தகுதி முடிந்துவிட்டது. இரண்டாவது ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. பின்னால் அதைப் பிஎஃப் கணக்குக்கு மாற்ற முதலாளி திருத்தம் கொடுத்து, அலுவலகம் ஏற்று, மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அதனால் உண்மையை எழுதுங்கள்: பழைய யுஏஎன், ஓய்வூதிய ஆணை எண் இரண்டும். ஆணையின் முதல் பக்க நகலையும் இணைத்துக் கொடுங்கள். பிஎஃப் பிடிக்கத்தான் போகிறார்கள் என்றால், மாதாந்திரக் கணக்கில் "இபிஎஸ் ஊதியம்" கட்டத்தில் பூஜ்யம் போட்டு, முழு 1,080-ஐயும் பிஎஃப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். 58 தாண்டியவருக்கும் இதே முறைதான். ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருந்தால் 58 ஆனதே கணினிக்குத் தெரியாமல் இபிஎஸ்ஸில் பணம் போய்க்கொண்டிருக்கும். அதைச் சேரும் முன்பே சரிபாருங்கள்.

இஎஸ்ஐ, அதாவது ஊழியர் மருத்துவக் காப்பீடு, வேறு கணக்கு. 10 பேர் இருந்தாலே வரும், 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும், வயது வரம்பு கிடையாது. 9,000-க்கு ஊழியர் பங்கு 68 ரூபாய்தான். வேண்டாம் என்று தவிர்க்காதீர்கள், அந்த வயதில் இருக்கட்டும்.

58 ஆகப்போகிற, இன்னும் ஓய்வூதியம் எடுக்காத யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. தொடர்ந்து வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓய்வூதியத்தை 60 வரை தள்ளிவைக்கலாம். ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ஓய்வூதியம் கேட்கும் 10டி படிவத்தைக் கொடுத்தபின் மனம் மாற முடியாது.

கானாடுகாத்தான் மருமகன்

மிக்க நன்றி ஐயா, இரண்டு பேருக்கும். அம்மானிடம் 11,000 கணக்கைச் சொன்னேன், ஓட்டல் பக்கம் திரும்பிவிட்டார். ஆனால் ஓட்டலில் ஒரு நிபந்தனை: சம்பளம் என்று போடாமல் "கன்சல்டன்சி பீஸ்" என்று போட்டு, 10 சதவீதம் வரி பிடித்துத் தருவார்களாம். இது பரவாயில்லையா?

தேவகோட்டை வரிக்கணக்கு

ஒப்புக்கொள்ளாதீர்கள் தம்பி. காலை 9 மணிக்கு வந்து, அவர்கள் சொல்லும் கணக்கை எழுதி, மாதாமாதம் ஒரே தொகை வாங்கினால் அது சம்பளம்தான். பீஸ் என்று எழுதுவதால் வேலை கொடுப்பவருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ மிச்சம். உங்கள் அம்மானுக்கு என்ன ஆகிறது என்று 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி சொல்கிறேன்.

சம்பளமாக வந்தால்: கம்யூட்டேஷன் பிடித்தத்தைக் கணக்கில் எடுக்காமல் ஓய்வூதியம் 3,72,000, சம்பளம் 1,08,000, கூட்டினால் 4,80,000. ஓய்வூதியமும் சம்பளத் தலைப்பில்தான் வரும் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு 75,000 கழிவு. மிச்சம் 4,05,000. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். "வரி இல்லையே, எதற்கு ரிட்டர்ன்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கி வட்டி, அஞ்சலக மூத்தோர் சேமிப்பு வட்டி இருந்தால் அதையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பீஸாக வந்தால்: ஆண்டில் 50,000 தாண்டுவதால் 1,08,000-க்கு 10,800 பிடிப்பார்கள். வரியே இல்லாத ஆளுக்கு இந்தப் பணம் அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பும். சுலபமான ஐடிஆர்-1 படிவம் பயன்படாது. ஐடிஆர்-3 அல்லது 4 போட வேண்டும். பீஸ் பகுதிக்கு 75,000 கழிவும் பொருந்தாது. இன்னொன்றும் போகும்: 60 தாண்டியவர், தொழில் வருமானம் இல்லாதவர் என்றால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. பீஸ் வாங்கினால் தொழில் வருமானம் வந்துவிட்டது, அந்தச் சலுகை போய்விட்டது. உங்கள் அம்மானுக்கு வரியே இல்லாததால் பாதிப்பு இல்லை. பெரிய ஓய்வூதியக்காரருக்கு வட்டி விழும்.

அந்தப் பெரிய ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வட்டாரத்தில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஓய்வூதியம் ஆண்டுக்கு 9 லட்சம், புது வேலையில் 6 லட்சம் என்று வைப்போம். ஓய்வூதியம் தரும் வங்கி 9 லட்சத்தைத் தனியாகப் பார்க்கும், வரி வராது, பிடிக்காது. புது முதலாளியும் 6 லட்சத்தைத் தனியாகப் பார்ப்பார், பிடிக்கமாட்டார். சேர்த்தால் 15 லட்சம். 75,000 போக 14,25,000. வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கையிலிருந்து கட்ட வேண்டும். வேலையில் சேரும்போதே ஓய்வூதிய விவரத்தைப் புது முதலாளியிடம் எழுதிக் கொடுத்து, மாதாமாதம் பிடிக்கச் சொல்வது நல்லது. 60 ஆகாமல் விருப்ப ஓய்வில் வந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அவர்களுக்கு முன்கூட்டிய வரி விலக்கு இல்லை.

பள்ளத்தூர் வாசகி

இதோடு ஒன்று. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைப் பெண் பலகாரக் கடையில் வேலைக்குப் போனால்? அவர் கணவர் மத்திய அரசுப் பணியில் இருந்தவர். இன்னொருவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், அரசு வங்கியில் காவலர் வேலை கிடைத்திருக்கிறது. இவருக்கும் படி நின்றுவிடுமா?

கருவூலக் கணக்கு

பள்ளத்தூர் வாசகிக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவியின் வருமானம் தடையில்லை. கைமுறுக்கு சுற்றினாலும் கடையே வைத்தாலும் தொடரும். அகவிலை நிவாரணமும் தொடரும். அப்பா அம்மா இறந்தபின் மகள் வாங்குவதாக இருந்தால்தான் வருமான வரம்பு வரும்: மத்திய அரசு விதியில் மாதம் 9,000-மும் அதன் மேல் அகவிலை நிவாரணமும். அந்த எல்லைக்குள் இருப்பதாக ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். வரி போடும்போது குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது. புதிய வரி முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழிவு.

ஹவில்தாருக்கு வழி இருக்கிறது. அதிகாரி அல்லாத பதவியில் இருந்து வந்து, அவருடைய முழு ஓய்வூதியத்தையும் கணக்கில் எடுக்காமல், புதுப் பதவியின் ஊதிய நிலையில் ஆரம்பச் சம்பளத்திலேயே நிர்ணயித்திருந்தால் ராணுவ ஓய்வூதியத்தின் அகவிலை நிவாரணம் தொடரும். பழைய சம்பளத்தைப் பாதுகாத்து மேலே நிர்ணயித்திருந்தால் நின்றுவிடும். ஓய்வூதியம் தரும் இடத்துக்கு இது தானாகத் தெரியாது. "குறைந்தபட்ச ஊதியத்தில் நிர்ணயிக்கப்பட்டது" என்று புது அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி, முத்திரையோடு, சேர்ந்த மாதமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி ஓய்வூதியப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளட்டும்.