ரெண்டு ஃபிளேர் கேஸ் கம்ப்ரசரும் ஃபுல் லோடு, ஆனாலும் தீ அடங்கவில்லை. உதவுங்கள்

கேள்வி: வணக்கம். வளைகுடாவில் ஒரு ரீஃபைனரியில் ஷிஃப்ட் ஆபரேட்டர் நான். ஃபிளேருக்கு (மிச்ச கேஸை உயரத்தில் எரிக்கிற குழாய்) போகும் கேஸைப் பிடித்து ஃபியூயல் கேஸ் லைனுக்கு அனுப்ப ரெண்டு லிக்விட் ரிங் கம்ப்ரசர் (உள்ளே சுத்தற தண்ணி வளையத்தால் கேஸை அழுத்துற மெஷின்) இருக்கு. ஒண்ணு ஓடினாலே மேலே பைலட் (எப்பவும் எரியற சின்னத் தீ) மட்டும்தான் எரியும். இப்ப மூணு வாரமா ரெண்டும் ஓடுது, அப்படியும் வாட்டர் சீலை (கேஸை மேலே போக விடாம தடுக்கிற தண்ணி) மீறி கேஸ் போகுது. ஹீட்டரில் எரிய வேண்டிய கேஸ் ராத்திரி பூரா வானத்தில் எரியறதைப் பார்த்தா வயிறு எரியுது. சீல் மட்டத்தை 600 மி.மீ.யிலிருந்து 750 ஆக்கலாமா?

பதில் 1: வேண்டாம் தம்பி. 150 மி.மீ. தண்ணின்னா ஹெடரில் (ஃபிளேருக்குப் போற பொதுப் பைப்) இருக்கிற எல்லா சேஃப்டி வால்வுக்கும் 15 மில்லிபார் கூடுதல் எதிர் அழுத்தம். டிசைன் ஆட்கள் கணக்குப் பார்க்காம அதைத் தொடவே கூடாது. ரிங் தண்ணி எத்தனை டிகிரி?

கேட்டவர்: 50. முன்னாடி 36 இருந்தது அண்ணா.

பதில் 1: கூலரைப் பாருங்க. தண்ணி சுட்டா ஆவி கம்ப்ரசருக்குள்ளேயே இடத்தைப் பிடிச்சுக்கும். 36-இல் சுமார் 6 சதவீதம், 50-இல் 12. ஆனா ரெண்டாவது மெஷினையும் இது விழுங்காது. எங்கேயோ வால்வு பாஸிங், அதாவது மூடியிருந்தும் கசியுது.

பதில் 2: ஃபிளேர் லைன் அல்ட்ராசோனிக் மீட்டரில் மூலக்கூறு எடை என்ன காட்டுது? குறைஞ்சிருந்தா ஹைட்ரஜன் பக்கம் தேடணும்.

கேட்டவர்: 21 இருந்தது, இப்ப 27.

பதில் 2: நைட்ரஜனோட எடை 28. யாராவது நைட்ரஜன் பர்ஜைத் (பைப்பைச் சுத்தம் பண்ண விடற கேஸ்) திறந்து விட்டிருந்தாலும் 27-க்கு வரும். அப்படின்னா ஃபியூயல் கேஸ் கலோரி இறங்கியிருக்கணும்.

கேட்டவர்: ஏறியிருக்கு.

பதில் 2: எடையும் கலோரியும் ஏறினா, அப்ப எல்.பி.ஜி. (புரொப்பேன் மாதிரி கனமான கேஸ்) பக்கம்தான். சேஃப்டி வால்வுகளுக்குப் பின்னாடி இருக்கிற பைப்பை வெப்பமானி கன் வச்சு ஒவ்வொண்ணா பாருங்க, கசியறது சில்லுனு இருக்கும். கையால் தொட வேண்டாம்.

கேட்டவர் (நாலு நாள் கழித்து): கிடைச்சது! மதியம் 44 டிகிரி வெயில். புரொப்பேன் டிரம்மில் ஒரே ஒரு சேஃப்டி வால்வின் அவுட்லெட் பைப் மட்டும் வியர்த்து ஒழுகிட்டு இருந்தது. ஃபிளாஞ்சுக்குக் கீழே வெள்ளையா உறைபனி. ஸ்பேர் வால்வுக்கு மாத்திட்டு இதைக் கழட்டினோம். சீட்டில் மெல்லிசா ஒரு கீறல், அவ்வளவுதான். கூலர் டியூபில் படிஞ்சிருந்த சேறையும் எடுத்தாச்சு, தண்ணி 37-க்கு வந்துடுச்சு. நேத்து ராத்திரியிலிருந்து ஒரு கம்ப்ரசர்தான் ஓடுது, மேலே பைலட் மட்டும். சீல் 600-லேயே இருக்கு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

பதில் 1: சந்தோஷம் தம்பி. அந்த வால்வை லேப் பண்ணின (சீட்டைத் தேய்ச்சு சமமாக்கின) பிறகு பெஞ்சில் லீக் டெஸ்ட் பார்க்காம மாட்ட விடாதீங்க.